ரயிலுக்குக் கண் திறப்பு

— பால் ஊத்துனீங்களா? ரயிலுக்கா?

— ஆமாங்க தம்பி. ஜன்னலுக்கு ஒரு சொட்டுங்க. அதுக்கு மேல ஊத்தலீங்க.

— என்ன பால் அக்கா?

— தாய்ப்பாலுங்க. எங்க பக்கத்தூட்டு அத்தாயி மவ பிரசவத்துக்கு வந்திருக்குது. கண்ணுக்கு நல்லதுன்னு அத்தாயிதான் சங்குல புடிச்சுக் குடுத்துச்சு.

— சௌந்திரம் அக்கா, இது கண்ணு இல்ல. ஜன்னல். நான் என் கையால வெட்டி வெச்ச பிளாஸ்டிக் ஜன்னல்.

— உங்களுக்கு அது ஜன்னலுங்க. எங்கூருப் பூசாரிக்குக் கண்ணல்லங்க.

— அதான் பெட்டியைத் திறந்ததும் புளிச்ச வாடை அடிச்சுது. நான் உங்க டிபன் பாக்ஸ்னு நெனச்சேன்.

— டிபனெல்லாம் கொண்டாரலீங்க. அஸ்தம்பட்டில எறங்குனதும் முக்குக் கடையில தோசை தின்னுட்டுத்தான் உங்க ஊட்டுக்கு வந்தோம்.

— தங்கசாமி அண்ணா, நீங்களாவது சொல்லக் கூடாதா? இத்தனை வருசம் போர் போடற ரிக் வண்டி ஓட்டுனவரு, மெஷின் தெரிஞ்சவரு. ரயிலுக்குப் பால் ஊத்தறதைப் பக்கத்துல நின்னு பாத்துட்டா இருந்தீங்க?

— நான் அப்பவே சொன்னனுங்க தம்பி, உட்டுருங்கன்னு. கண்ணாடி வெளுத்தா என்ன இப்ப? ஏசி கோச்சுன்னா வெளிய இருந்து பாத்தா உள்ள ஆளு தெரியாதுங்க. ஆத்தாளுக்கு ஏசி ரயிலு வெச்சதா இருந்துட்டுப் போவுது.

— இது எஞ்சின் அண்ணா. எஞ்சினுக்கு ஏது ஏசி கோச்சு?

— அட, இப்ப எஞ்சின்லயும் ஏசி போடறாங்க. ரிக்கு லாரிக்கே போட்டுட்டாங்க.

— ஏனுங்க, நீங்க சித்த சும்மா இருங்க. தம்பி, இவிய பேச்சைக் கேக்காதீங்க. ஒரு வாரமா இதையேதான் சொல்லிட்டிருக்கறாங்க. வெளுப்பாவே இருக்கட்டும், பனி பேஞ்ச மாதிரி அழகா இருக்குதுங்கறாங்க. திங்கக்கிழமை பையனுக்கு ரயில்வே மெடிக்கலு. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. இவியளுக்குப் பனி அழகா இருக்குதாம்.

— இருங்க, இருங்க. ஒண்ணொண்ணா வாங்க. போன மாசம் இந்த ரயிலை ஆர்டர் குடுக்க வந்தப்போ நீங்க கோயிலுக்குன்னு சொல்லவே இல்லையே. பையன் தர்ஷனுக்கு ரயில்வேல வேலை கிடைச்சிருக்கு, அவனையே டிரைவர் சீட்டுல பொம்மையா உக்கார வெச்சு ஒரு எஞ்சின் பண்ணிக் குடுங்கன்னீங்க. நான் ஊட்டு ஷோகேஸ்ல வெக்கறதுக்குன்னு நெனச்சேன்.

— கோயிலுக்குன்னா நீங்க சூளைக்காரராட்ட மண்ணுல பண்ணிப் போடுவீங்களோன்னு பயமுங்க.

— எந்தச் சூளைக்காரர்?

— எங்கூரு அம்மன் கோயில்ல உருவாரம் வெக்கற பழக்கம் தம்பி. மாட்டுக்கு நோவுன்னா மண்ணுல மாடு செஞ்சு வெப்போம். புள்ள வேணும்னா தொட்டில்ல புள்ள. ஊடு கட்டோணும்னா ஊடு. இவிய போன கோயில் நோம்பிக்கு வேண்டிக்கிட்டாங்க, என்ற பையனுக்கு ரயிலு ஓட்டற வேலை கெடச்சா ரயிலே கொண்டாந்து வெக்கறேன்னு. தர்ஷன் பரிச்சையில பாஸ் பண்ணிட்டான். சரின்னு சூளைக்காரர்கிட்டப் போய் ரயிலு வேணும்னோம். அவரு பாவம், ஆயுசு பூராக் குதிரை செஞ்ச கையி. எஞ்சினுக்கும் நாலு காலு வெச்சுட்டாரு.

— காலா?

— காலும் வாலுமுங்க. சக்கரம் எங்கீங்கன்னு கேட்டதுக்கு, வேணும்னா லாடம் அடிச்சுத் தாரேங்கறாரு.

— அந்த ரயிலும் நல்லாத்தான் இருந்துச்சு சௌந்திரம். தடவிப் பாத்தா நல்ல வழுவழுன்னு.

— உங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அப்பறந்தான் தம்பி, சேலத்துல ரெடிமேட் சட்டைக்கடை பாலசுந்தரம்னு ஒருத்தரு அச்சு அசலா ரயிலு பண்றாருன்னு கேள்விப்பட்டு உங்ககிட்ட வந்தோம். நீங்களும் குறை சொல்ல முடியாம பண்ணிக் குடுத்தீங்க. எங்கூரே வாயைப் பொளந்துருச்சு.

— அது சரி. இந்தக் கண்ணு விஷயம் எங்கிருந்து வந்துச்சு? அங்கதான் விஷயமே இருக்கு.

— உருவாரம் வெச்சாக் கண்ணு தொறக்கோணுமல்லங்க? மாடுன்னா கடைசியாக் கண்ணுல மை வெச்சுத் தொறப்பாங்க. வேண்டுதல் வெச்சவங்க அந்தக் கண்ணைப் பாத்து, ஆத்தா இது இன்னாருக்காக வெச்சதுன்னு சொல்லோணும். அப்பத்தான் ஆத்தாளுக்குப் போய்ச் சேரும். ரயிலுக்கு எங்கீங்க கண்ணு? பூசாரி சென்னியப்பன் சோறு தண்ணி இல்லாம ரோசனை பண்ணிப் போட்டு, ஜன்னல்தான் கண்ணுன்னு சொல்லிட்டாரு. இவிய ஜன்னல் வழியாப் பாத்து, உள்ளார உக்காந்திருக்கறவன் எப்படி இருக்கறான், என்ன பண்றான்னு ஆத்தாளுக்குச் சொல்லோணுமாம்.

— முன்னாடி ஹெட்லைட் இருக்கே, அதைக் கண்ணுன்னு சொல்லியிருக்கலாம்ல?

— நாங்களும் கேட்டோமுங்க. அது ஒண்ணுதான இருக்குது. ஒத்தைக்கண்ணு ரயிலு ஆத்தாளுக்கு ஆவாதுன்னுட்டாரு.

— நியாயந்தான்.

— என்னங்க தம்பி, நீங்களும் நியாயங்கறீங்க.

— அவரு கணக்குப்படி நியாயம் அண்ணா. சரி, இது எப்போ வெளுத்துச்சு?

— போன வெள்ளிக்கிழமைங்க. அன்னைக்குப் பொழுதோட கோயில்ல வெச்சோம், ஊர்க்காரங்கெல்லாம் வரிசையா வந்து பாத்தாங்க. பளிங்காட்ட இருந்துச்சு. பச்சைக்கொடி, மீசை, சட்டைப் பொத்தான் மொதக்கொண்டு தெரிஞ்சுது. எல்லாரும் பொங்கச் சோறு திங்கப் போயிட்டுத் திரும்பி வந்தா, ஒரு ஜன்னல் பாக்கியில்ல, அம்புட்டும் வெள்ளை பூத்துக் கெடக்குது. பூசாரி பாத்துப்போட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. ரயிலு கண்ணுல பொறை உழுந்திருச்சு, இனி இதை ஓட்டறவனுக்கும் கண்ணு பூத்துரும்னுட்டாரு.

— அதை நம்பிட்டீங்களா?

— நம்பாம என்ன பண்றதுங்க? திங்கக்கிழமை மெடிக்கல்ல மொதல்ல பாக்கறதே கண்ணைத்தானாம். கண்ணுல தூசு இருந்தாக்கூட ரயிலு ஓட்ட உட மாட்டாங்களாமா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை கண் தொறப்பு. தொறந்தாத்தான் அவனை அனுப்புவேன். தொறக்காம போய்ப் பெயிலாயி வந்தான்னா, அந்தப் பையன் மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது? படிச்சுப் படிச்சு எலும்பும் தோலுமா நிக்கறானுங்க.

— தர்ஷன் என்ன சொல்றான்?

— அவன் பாவமுங்க. ஊட்டு வாசல்ல நின்னுக்கிட்டுப் போற வாற பஸ்ஸு நெம்பரெல்லாம் சத்தமாப் படிக்கறான். சரியாப் படிச்சானான்னு பாக்க நான் பின்னாலயே ஓடறேன்.

— அடக் கடவுளே. அப்புறம் வைத்தியம் ஆரம்பிச்சீங்களாக்கும்.

— மொதல்ல பாலு ஊத்துனோம். அப்பறம் நந்தியாவட்டைப் பூவை நசுக்கிப் புழிஞ்சோம்.

— அதான் இந்தப் பச்சைக் கறை. இது என்ன, ரெண்டு பக்கமும் வெள்ளித் தகடு ஒட்டியிருக்கு?

— கண்மலருங்க. கண்ணு நோவுன்னா சாமிக்கு வெள்ளியில கண்மலர் சாத்துவமல்ல.

— சாமிக்குச் சாத்துவாங்க அக்கா. ரயிலுக்குச் சாத்துவாங்களா?

— ஆருக்கு நோவோ அவியளுக்குத்தானங்க சாத்தோணும். அதுவும் கேக்கலைன்னதும் பள்ளிபாளையத்துல கண்ணு முகாம் போட்டிருந்தாங்க, அங்க கொண்டு போனோம்.

— எதை?

— ரயிலைத்தான்.

— கண் முகாமுக்கு?

— நான் இவியளை வரிசையில உக்கார வெச்சேன். இவிய மடியில ரயிலை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எம்பட நேரம் போதாது, டாக்டரம்மா வந்து ரயிலை உட்டுப்போட்டு இவிய கண்ணுல டார்ச் அடிக்கப் போயிருச்சு. இவியளுக்கு வந்துச்சே கோவம்! நோவு எனக்கில்ல, இதா இதுக்குன்னு ரயிலைத் தூக்கிக்கிட்டு ஓடியே வந்துட்டாங்க. பெறத்தால நர்ஸுப்புள்ள துண்டை எடுத்துக்கிட்டு ஓடி வருது.

— பின்ன என்ன தம்பி? ரயிலைப் பாக்கச் சொன்னா என்னையப் பாக்கறாங்க. தொழில் தெரியாதவங்க.

— சரி அண்ணா, அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க. அகல்யா, டீ மூணு போடும்மா! நான் இந்தக் கூரையைக் கழட்டிப் பாக்கறேன்.

— செவுத்துல மாலை போட்டு வெச்சிருக்கறது உங்கப்பாருங்களா தம்பி? நல்ல களையான மொகம்.

— எது அண்ணா? அது நீராவி எஞ்சின் படம். ஆயுத பூசைக்கு மாலை போட்டது.

— அப்படிங்களா. இந்த வெளிச்சத்துல கண்ணு கூசுது. வேறொண்ணுமில்ல.

— ஏனுங்க, எஞ்சினைப் போய்த் தம்பியோட அப்பாருங்கறீங்க!

— அப்பாரு ரயில்வேல இருந்தாரோன்னு நெனச்சேன், உடு.

— அக்கா, இங்க வாங்க. மூக்கைக் கிட்ட வெச்சு மோந்து பாருங்க.

— பாலு வாடைதானுங்க அடிக்குது.

— அதுக்கு அடியில.

— ஏதோ சுருக்குனு ஏறுதுங்க.

— பசை! சின்ன டியூப்ல வருமே, கையில பட்டா ரெண்டு விரலும் ஒட்டிக்குமே, அந்தப் பசை. செருப்புக்கு ஒட்டுவோம்ல. அதை மூடுன இடத்துல ஊத்துனா புகையும். அந்தப் புகை கண்ணாடியில போய்ப் படிஞ்சா இப்படித்தான் வெள்ளை பூக்கும். பொறையும் இல்ல, சாமியும் இல்ல. உலகத்துல ரயில் பொம்மை பண்றவன் எல்லாம் ஒரு தடவையாவது இதுல மாட்டியிருப்பான்.

— அப்ப நீங்க ஊத்துன பசைதானுங்களா?

— அங்கதான் விஷயமே இருக்கு! நான் இந்தப் பசையை ஜன்னல் பக்கமே கொண்டு போறதில்ல. நான் போடறது வெள்ளைப் பசை, நோட்டுக்கு அட்டை போடறோம்ல, அது. இதை வேற யாரோ கூரையைத் தூக்கி உள்ள ஊத்தியிருக்காங்க.

— ஆத்தா!

— ஆத்தா எதுக்கு அக்கா கடைக்குப் போய்ப் பசை வாங்கணும்?

— கொளவியா இருக்கும் தம்பி. கொளவி கூடு கட்டுச்சுன்னா இப்படித்தான் ஒட்டும்.

— கொளவி ஒரு டியூப் பூராவும் காலி பண்ணுமா அண்ணா? பாருங்க இங்க. ஊத்துனவன் கண்ணை மூடிட்டு ஊத்தியிருக்கான். டிரைவர் மடியிலேயே ஊத்திட்டான். உங்க பையன் சீட்டோட சேந்து ஒட்டிக்கிட்டான். இனி ரிட்டயர் ஆனாலும் எந்திரிக்க முடியாது.

— அவசரத்துல ஊத்தியிருப்பான். அதுக்குக் கண்ணை மூடிட்டுன்னு சொல்றதா?

— ஏனுங்க, எனக்கு இப்பத்தான் உறைக்குது. பூசாரியா இருக்குமோ? சூளைக்காரரு அவருக்குச் சகலை. அவரு செஞ்ச ரயிலை வேண்டாம்னு சொல்லிட்டமல்ல.

— சென்னியப்பன் அப்படிப்பட்ட ஆளில்ல, உடு.

— அப்ப ஆரு? கூரையைக் கழட்டத் தெரிஞ்சவங்க ஆரு இருக்கறா? அய்யோ. தம்பி, ஒருவேளை தர்ஷனே ஊத்தியிருப்பானோ?

— அவன் எதுக்கு அக்கா?

— அவனுக்கு இந்த வேலை புடிக்கலையோ என்னமோ. இவிய தொந்தரவுக்குத்தான படிச்சான். வாயைத் தொறந்து வேண்டாம்னு சொல்லத் தைரியம் இல்லாம, சாமியே வேண்டாங்குதுன்னு ஆக்கறதுக்கு... சாமி, நான் பெத்தது என்கிட்டச் சொல்லியிருக்கலாமே! நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்!

— அவன் இல்ல சௌந்திரம்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எனக்குத் தெரியும். அவன் இல்ல. பையன் மேல பழி போடாத.

— நீங்க அவனை என்னைக்குக் கேட்டீங்க? ரயிலு, ரயிலுன்னு ரிக்கு ஓட்டற மாதிரி அவன் தலையில துளை போட்டீங்க.

— சரி, சரி, சண்டை அப்புறம் போடலாம். யாரு ஊத்துனா என்ன, கண்ணாடியைத் தெளிய வெக்கறது என் பொறுப்பு. அகல்யா, டீயோட சேத்து அந்தப் பல்லு வெளக்கற பேஸ்ட்டையும் எடுத்துட்டு வா. வெள்ளைப் பேஸ்ட்டு! ஜெல்லு ஆகாது.

— தம்பி, வேண்டாமுங்க. இந்த வேலை ஆவாதுங்க. கண்ணுல பேஸ்ட்டுப் போட்டாங்கன்னு பூசாரிக்குத் தெரிஞ்சா அதுக்கொரு பரிகாரம் சொல்லுவாரு.

— பஞ்சுல துளி எடுத்து வட்டமாத் தேய்க்கணும் அண்ணா, அவ்வளவுதான். மேலாப்ல படிஞ்சதை மட்டும் அரிச்சு எடுத்துரும். அழுத்தக் கூடாது. அழுத்துனா கீறல் விழும். இப்படி, கொழந்தைக்குப் பவுடர் போடற மாதிரி.

— அய்யோ, தெளியுதுங்க! ஏனுங்க, இங்க பாருங்க, ஓரத்துல தெளியுது!

— ஓரத்துல தெளிஞ்சு என்ன பிரயோசனம்.

— கொஞ்சம் பொறுங்க அக்கா. ஈரத்துணியில துடைக்கறேன். இந்தாங்க, இப்பப் பாருங்க.

— சாமி! தர்ஷன்! அதே மீசை! கொடியைப் புடிச்சுக்கிட்டுக் கழுத்தை ஒருக்கணிச்சு உக்காந்திருக்கறான், சோத்துக்குக் கூப்புட்டா எட்டிப் பாப்பானே, அப்படியே. தம்பி, உங்க கைக்குத் தங்கத்துல காப்புப் போட்டாலும் தகும்.

— அண்ணா, நீங்க பாருங்க. நீங்கதானே வேண்டுதல் வெச்சவரு. நாளைக்கு நீங்கதானே சொல்லணும்.

— குடுங்க பாக்கலாம்.

— என்னங்க, தெரியறானா?

— ம்ஹும். வெளுப்பு போவலைங்க தம்பி.

— போகலையா?

— அப்படியேதான் இருக்குது. என்ற மனசுல அப்பவே பட்டுச்சு, இது பேஸ்ட்டுக்கெல்லாம் அடங்காதுன்னு. பரவாயில்ல உடுங்க. இப்படியே வெச்சுக்கலாம்.

— ஏனுங்க, பளிச்சுன்னு தெரியறானே!

— உனக்குப் பாசம். பெத்தவளுக்குச் செவுத்துல கூடத் தெரிவான்.

— சரி அண்ணா, உங்களுக்குத் திருப்தி ஆகணும். லாரிக்குப் பெயிண்ட் அடிச்சு மெருகு ஏத்தறாங்களே, அந்தக் காம்பவுண்டு வெச்சிருக்கேன். அதைப் போட்டுத் தேய்ச்சா ஈ உக்காந்தா வழுக்கி விழும். ரெண்டு நிமிசம். இந்தாங்க.

— பரவாயில்லைங்க. முன்னைக்கு இப்பத் தேவலாம். ஆனா தெளியலை.

— அண்ணா, என் மூஞ்சியே அதுல தெரியுது.

— உங்க மூஞ்சி தெரிஞ்சு என்ன பண்றதுங்க, பையன் மூஞ்சியல்ல தெரியோணும்.

— ஏனுங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க. என்ன தப்புப் பண்ணுனீங்க?

— நான் என்ன பண்ணுனேன்?

— எனக்குத் தெரியுது, தம்பிக்குத் தெரியுது. வேண்டுன உங்களுக்கு மட்டும் ஆத்தா காட்ட மாட்டேங்கறான்னா என்ன அர்த்தம்? வெரதம் இருக்கோணும்னு பூசாரி சொன்னாரல்ல. எங்காச்சும் போய்க் கறி தின்னீங்களா?

— கறியெல்லாம் திங்கலை.

— பின்ன?

— நாமக்கல்லுக்குப் போனப்ப நம்ம சின்னான் ஊட்டுல ஒரு ஆம்லேட்டு.

— கெரகம்! வெரதத்துல முட்டை தின்னுருக்கறீங்க!

— நாமக்கல்லுல முட்டை காய்கறிக் கணக்கு சௌந்திரம். அங்க ஆரும் அதை அசைவம்னு சொல்றதில்ல.

— தம்பி, இனி நீங்க எவ்வளவு தேச்சாலும் ஆவாதுங்க. இது முட்டைக்குத்தம்.

— அக்கா, முட்டைக்கும் ஜன்னலுக்கும் சம்பந்தம் இல்ல. நான் இந்த ஜன்னலையே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வெட்டி வெக்கறேன். எங்க கடைக்கு ரெடிமேட் சட்டை வருது பாருங்க, காலர் மடங்காம இருக்க உள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டை வெச்சிருப்பாங்க. அதைவிடத் தெளிவான கண்ணாடி சேலத்துலயே கிடையாது. வெட்டி, ஓரத்தை உரசி, வெள்ளைப் பசை ஒரு பொட்டு. அண்ணா, இது புத்தம் புதுசு. பாலும் படலை, பூவும் படலை.

— காட்டுங்க.

— எப்படி?

— புதுசே வெளுப்பா வந்திருக்குதுங்க தம்பி. இப்பெல்லாம் சரக்கு நயமில்ல.

— அண்ணா!

— கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லாத்தான் பண்றீங்க. ஆத்தாளுக்கு மனசில்லை. சௌந்திரம், பொட்டியைக் கட்டு. பூசாரிகிட்ட நான் பேசிக்கறேன். இந்த வருசம் கண்ணு தொறக்காமயே வெச்சுட்டு, அடுத்த நோம்பிக்குத் தொறந்துக்கலாம்னு சொல்லிக்கலாம்.

— அடுத்த நோம்பியா? திங்கக்கிழமை மெடிக்கலுங்க! பையன் கதி?

— பையன் கண்ணு நல்லாத்தான் இருக்கும். அவனை அனுப்பு. நான் சொல்றேன்.

— நீங்க சொன்னா ஆச்சா? ஜன்னலு தெளியலைன்னு நீங்கதான் சொல்றீங்க, பையனை அனுப்புன்னும் நீங்கதான் சொல்றீங்க. என்னால முடியாதுங்க. கண்ணு தொறக்காம அவனை நான் வாசப்படி தாண்ட உட மாட்டேன்.

— குடுங்க அக்கா அதை இப்படி. எனக்கும் ஒரு பிடிவாதம் இருக்கு. டீயைக் குடிங்க, இதோ வந்துடறேன்.

— என்ன பண்றீங்க தம்பி? படக்கு படக்குன்னு சத்தம் கேக்குது.

— ஒண்ணுமில்ல அண்ணா. கடைசியா ஒரு வைத்தியம். அக்கா, நீங்க வாயைத் தொறக்காதீங்க. இந்தாங்க அண்ணா, பாருங்க. இதுக்கு மேல தெளிவா இந்த உலகத்துல கண்ணாடி கிடையாது.

— ம். இப்பத் தேவலாமுங்க.

— தெரியுதுங்களா?

— தேவலாம். ஆனா கண்ணாடி மேல பாலாடையாட்ட ஒண்ணு நிக்குது பாருங்க. அது போவலை.

— எங்க அண்ணா? தொட்டுக் காட்டுங்க, அந்த இடத்தை மட்டும் தேய்ச்சுடறேன்.

— இதா, இங்க. இந்த முக்குல.

— ஏனுங்க.

— என்ன?

— உங்க வெரலு உள்ளார போயிருச்சுங்க.

— எதுக்குள்ளார?

— ரயிலுக்குள்ளார. தர்ஷனைக் குத்திக்கிட்டு நிக்குது.

— கண்ணாடியைப் பூராவும் பேத்து எடுத்துட்டேன் அண்ணா. வெறும் ஓட்டைதான் இருக்கு.

— அப்படிங்களா.

— அண்ணா, தண்ணி ஏதாச்சும் குடிக்கறீங்களா?

— வேண்டாமுங்க.

— ஏனுங்க, இப்படித் திரும்புங்க. நான் எத்தனை வெரலு காட்டறேன்?

— வெளையாடாத சௌந்திரம். வெளி ஊட்டுக்கு வந்து...

— சொல்லுங்க.

— மூணு.

— நான் கையே நீட்டலைங்க.

— நீட்டலையா?

— எப்ப இருந்துங்க?

— தை மாசத்துல இருந்து. மொதல்ல எடது கண்ணு. வெள்ளைத்துணி போட்டாப்ல ஆச்சு. சரி, ஒண்ணுதான், இன்னொண்ணு இருக்குதேன்னு இருந்தேன். அதுவும் கெளம்பிருச்சு.

— அதுக்குத்தான் காரை ஷெட்டுலயே நிறுத்திப்போட்டு, டீசலு தண்டம்னு என்னையப் பஸ்ஸுல இழுத்துக்கிட்டுத் திரியறீங்களா? முகாம்ல டாக்டரம்மா டார்ச் அடிக்க வந்தப்ப ஓடுனதும் அதுக்குத்தானா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேங்க! நான் ஆரு உங்களுக்கு?

— என்னன்னு சொல்றது? அப்பனுக்கே கண்ணு அவிஞ்சு போச்சு, மவனுக்கு எப்படி நிக்கும்னு ஊருல பேச மாட்டாங்களா? உன்ற காதுல உழுந்தா நீயே அவனை மெடிக்கலுக்கு அனுப்ப மாட்ட. திங்கக்கிழமை தாண்டட்டும்னு இருந்தேன்.

— அண்ணா, இது பொறைதான். அப்பாவுக்கு வந்த பொறை மகனைத் தொத்தாது. இப்பெல்லாம் காலைல ஆபரேஷன், சாயங்காலம் ஊட்டுக்குப் போய் டிவி பாக்கலாம். எங்க மாமனாருக்குப் பண்ணுனோம்.

— கட்டைவெரல் தண்டி பொம்மை. அது தெரியலைன்னு சொல்லியிருந்தாத்தான் என்னங்க? சின்னதா இருக்குது, தெரியலைன்னு சொல்லிட்டுப் போறது.

— பொம்மை மட்டுமா சௌந்திரம்? வாசல்ல நின்னு பஸ்ஸு நெம்பரு படிக்கறானே, அவன் மூஞ்சியே எனக்குத் தெரியறதில்ல. கொரலை வெச்சுத்தான் இது என்ற பையன்னு பேசிட்டிருக்கறேன்.

— அய்யோ சாமி.

— அழுவாத. தம்பி பாக்கறாரு.

— பாக்கட்டும். எனக்கு இன்னொண்ணு சொல்லுங்க. அந்தப் பசை. தர்ஷன் இல்ல, எனக்குத் தெரியும்னு அடிச்சுச் சொன்னீங்களே. அப்ப ஊத்துனது ஆரு?

— நாந்தான்.

— நீங்களா? நீங்க கும்புட்டு, நீங்க வேண்டி, ஊரெல்லாம் கூப்புட்டுக் காட்டுன ரயிலுக்கு நீங்களே எதுக்குங்க பசை ஊத்துனீங்க?

— அன்னைக்குப் பாத்தவங்கெல்லாம் அப்படியே தர்ஷன், அப்படியே தர்ஷன்னாங்க. சோறு தின்னுட்டு வந்ததும் நீங்க பாத்து ஒருக்காச் சொல்லிப் பழகிக்குங்கன்னு பூசாரி சொல்லிப்போட்டாரு. எனக்கு ஒருத்தனுக்குத் தெரியலைன்னா அது குருடு. ஊருக்கே தெரியலைன்னா அது சாமி குத்தம். ரிக்கு ஓட்டறப்ப அந்தப் பசை பட்டுக் கண்ணாடி வெளுத்ததைப் பாத்திருக்கறேன், கோயிலுக்குப் பக்கத்துப் பொட்டிக்கடையிலயே கெடச்சுது. அதான் எல்லாரும் சோத்துக்கு எந்திரிச்சதும் தடவித் தடவிப் போய் ஊத்திப்போட்டேன்.